சனிக்கிழமை ஒரு மணிக்கு

தொலைபேசியை லூஷியஸின் வாயருகே பிடித்துப் பிடித்து ஒஸெல்லாவின் கை மரத்துப்போயிருந்தது. கையை மாற்றிக்கொண்டாள். கட்டிலின் தலைப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் அவருக்குப் பேச வசதியாக இருக்கும். ஆனால் அதற்குக் குனிய வேண்டும், குனிந்தால் தொலைபேசி நகரும், நகர்ந்தால் அவர் முறைப்பார். சாகக் கிடக்கும்போதும் முறைப்பதில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை.

"எனக்கு முன்னாடி எத்தனை பேர்?" என்றார்.

"ஒருத்தர். அந்த டயர்க்கடைக்காரர். கோச்சை மாத்தணுங்கறார்."

"அவன் வருஷா வருஷம் தான் போற சர்ச்சையே மாத்தறவன்" என்று லூஷியஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி நிகழ்ச்சி. ஆஷ்பி கல்லூரி சனிக்கிழமை ஆடிய ஃபுட்பாலை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறும் அமெரிக்க ஆட்டத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் வானொலி நிலையத்தைக் கூப்பிட்டுப் பேசலாம். முப்பத்தெட்டு வருஷமாக லூஷியஸ் டாலிவர் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. அவர் அந்தக் கல்லூரியில் படித்தவர் இல்லை. அதன் கொதிகலன் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் தெற்குப் பக்கம் பதினாலாவது வரிசையில் ஓரத்து இரண்டு இருக்கைகள் ஐம்பத்தொரு வருஷமாக அவருடையவை. ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி ஒஸெல்லா. கல்லூரி அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். பெல்மோ ஊரில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

"லைன்ல யாருன்னு நான் சொல்லணுமா?" நிகழ்ச்சி நடத்தும் ஸ்கீட்டரின் குரல் கரகரத்தது. "பதினாலாவது வரிசை. உடம்பு எப்படி இருக்கு லூஷியஸ் அண்ணே?"

"உடம்பைப் பத்திப் பேச நான் கூப்பிடல" என்றார் லூஷியஸ். குரல் சன்னமாக இருந்தாலும் தடுமாறவில்லை. "வர்ற சனிக்கிழமை ஹோம்கமிங். பழைய மாணவங்க நாலு திசையிலேருந்தும் ஊர் திரும்பி வர்ற நாளு. அதுக்கு இந்த வருஷமும் எதிர்ல ஆட ஒரு நோஞ்சான் டீமைத் தேடிப் பிடிச்சு வச்சிருக்கோம். எனக்கு வெக்கமா இருக்கு."

"ஜெயிக்கணுமில்ல, அண்ணே."

"ஜெயிக்கறதுக்குத்தான் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு. அடுத்தது அந்த கோச். நாலாவது முயற்சி, பாக்கி ஒரே ஒரு கஜம். பந்தை உதைச்சு எதிராளி கையில குடுத்துட்டு நிக்கறான். ஒரு கஜம், ஸ்கீட்டர். நான் இந்தக் கட்டில்லேருந்து உருண்டு விழுந்தாலே ஒரு கஜம் போயிருப்பேன்."

ஒஸெல்லா தொலைபேசியை விலக்கி அவரை மூச்சு வாங்கவிட்டாள். அவர் விரலை ஆட்டி மறுபடி கேட்டார்.

"இன்னொண்ணு. இந்த ஊர்ல நெஜமா ஆடத் தெரிஞ்சவங்க பொண்ணுங்க கூடைப்பந்து டீம்தான். அவங்க போற பஸ்ல ஹீட்டர் வேலை செய்யல. பையனுங்க பஸ்ஸை அவங்களுக்குக் குடுங்க. வரிசையா நாலு ஆட்டம் தோத்தவங்க குளிர்ல போகட்டும்."

"கோச் கேட்டுட்டிருக்காரு, அண்ணே."

"கேக்கட்டும். அவனுக்காகத்தான் நிறுத்தி நிதானமாச் சொல்றேன்."

அதோடு கையைத் தட்டிவிட்டார். ஒஸெல்லா தொலைபேசியை வைத்தாள். விடைபெறும் வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

மத்தியானம் மூன்று மணிக்கு, அவள் துவைத்த துண்டுகளை மடித்து அவர் காலடியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அறையில் ஒரு சத்தம் குறைந்தது. ஏழாவது துண்டைக் கையில் வைத்தபடி அவள் நின்றாள். பிறகு அதையும் மடித்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெம்ஃபிஸிலிருந்து மகன் மார்லன் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அடக்கத்தை எந்த நாளில் வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லூஷியஸ் அதை வானொலியிலேயே பல தடவை சொல்லி வைத்திருந்தார். "சீசன்ல செத்தா என்னை வியாழக்கிழமை புதைங்க. ஆட்டம் இருக்கற சனிக்கிழமையில சாவை வச்சு ஜனங்களை ரெண்டாப் பிளக்காதீங்க." ஊரே அறிந்த வாக்கு அது. அடக்கம் செய்யும் நிறுவனத்துக்காரர் செவ்வாய்க்கிழமை காலை வந்து, கேட்காமலேயே தன் நோட்டில் வியாழன் பதினொரு மணி என்று எழுதிக்கொண்டார்.

ஒஸெல்லாவுக்கு ஒரு வேலைதான் பாக்கி. அண்ணன் மனைவி வில்லடீனைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு தெரு தள்ளித்தான் வில்லடீன் வீடு. இருவரும் ஒரே சர்ச், ஒரே வரிசை. பார்த்தால் பேசுவார்கள். வில்லடீன்தான் சர்ச்சின் சமையற்கட்டுக்குத் தலைவி. பாடகர் குழுவில் அவள் குரல் எது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் அவள் தனித்துப் பாடி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

கடைசியாகப் பாடியது அவளுடைய கணவன் ஹோரஸின் அடக்கத்தில். ஹோரஸ், ஒஸெல்லாவின் ஒரே அண்ணன். மீன் ஆலையில் வேலை. ஆலைக்காரர்கள் சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் ஆட்களை விடுவார்கள் என்பதால், அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை ஒரு மணிக்கு அடக்க ஆராதனை வைத்தார்கள். அன்றைக்கு ஆஷ்பிக்கு உள்ளூரில் ஆட்டம். லூஷியஸ் வந்தார், கறுப்பு கோட் போட்டுக்கொண்டு, இரண்டாவது பெஞ்சில் ஒஸெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கோட்டுக்குள் ஒரு சின்ன ரேடியோ. அதிலிருந்து காதுக்கு ஒரு மெல்லிய கம்பி.

வில்லடீன் பாட எழுந்தாள். கணவன் கேட்டுக்கொண்ட பாட்டு. இரண்டாவது சரணத்தில் லூஷியஸ் துள்ளி எழுந்து, கையை உயரத் தூக்கி, "ஆமாம் ஆண்டவரே" என்று கூரை அதிரக் கத்தினார்.

அவர்கள் சர்ச்சில் பாட்டுக்கு நடுவே பரிசுத்த ஆவி வந்து யாராவது எழுந்து நின்றால் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பின் பெஞ்சில் ஒருவர் எழுந்தார். மீன் ஆலைக்காரர்கள் எழுந்தார்கள். பெண்கள் கை தட்டி அழுதார்கள், ஒருத்தி மயங்கி விழுந்தாள், விசிறிக்கொண்டு ஓடினார்கள். ஆர்கன்காரர் சுருதியை ஏற்றினார். வில்லடீன் அந்தச் சரணத்தை மூன்று தடவை பாட வேண்டியிருந்தது. அப்படி ஒரு அடக்கத்தை பெல்மோ பார்த்ததில்லை என்று ஒரு வருஷம் பேசினார்கள். லூஷியஸ் டாலிவரையே எழுப்பிவிட்ட பாட்டு என்றார்கள்.

அன்று மாலை வில்லடீன் ஒஸெல்லாவைத் தனியே நிறுத்திக் கேட்டாள். "அது ஆவிதானே?"

"ஆவிதான்" என்றாள் ஒஸெல்லா.

இப்போது வில்லடீன் கதவைத் திறந்ததும் ஒஸெல்லாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். வில்லடீன் காபி ஊற்றினாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். வில்லடீன், நீ பாடணும்."

வில்லடீன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "என்னைக்கு?"

"வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு."

"ஓ" என்றாள் வில்லடீன். "அவருக்கு வியாழக்கிழமை."

ஒஸெல்லா கோப்பையைக் கையில் எடுத்தாள்.

"ஹோரஸைப் புதைச்ச மறு திங்கக்கிழமை ரேடியோவுல என்ன சொன்னார்னு உனக்கு ஞாபகம் இருக்கா, டீச்சரம்மா? எங்கேயோ ஒரு குடும்பம் ஆட்டத்தன்னைக்கு அடக்கம் வச்சிட்டாங்க, இதெல்லாம் நல்லா இல்லன்னு. பேரு சொல்லல. ஊருக்கே தெரியும் யாருன்னு. நான் இதே மேஜையில உக்காந்து கேட்டேன். சாவுக்கு வந்த கோழிக்கறி இன்னும் தீரல வீட்ல."

"வில்லடீன்."

"இரு. நான் முடிக்கல. ஞாயித்துக்கிழமை பேப்பர் வாங்கிப் பார்த்தேன். நம்ம டீம் முதல் டச்டவுன் போட்டுப் புள்ளி எடுத்தது ரெண்டாவது கால் ஆட்டத்துல, இத்தனை நிமிஷம்னு போட்டிருந்தான். கணக்குப் போட்டேன். என்னோட ரெண்டாவது சரணத்துக்கு அச்சா வந்துச்சு. நான் கணக்கு டீச்சர் இல்ல, ஆனா அந்தக் கணக்கு எனக்கு வரும்."

ஒஸெல்லா கோப்பையை மேஜைமேல் வைத்தாள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். தப்பான விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டால், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் அடித்துத் திருத்துவாள்.

"ஆவி இல்ல" என்றாள். "நான் பக்கத்துல இருந்தேன். கம்பியைப் பார்த்தேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியும்னா ஏன் கேக்கல?"

"நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். சீக்கிரம் வருவேன்னும் நெனச்சேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ இலைகளை வாரிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. வில்லடீன் சொன்னாள். "அன்னைக்கு நான் நல்லாப் பாடினேனா, இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஒஸெல்லா. அவங்க எந்திரிச்சது எதுக்குன்னு தெரியாது. அதுக்கப்புறம் எப்படிப் பாடறது?"

"இப்ப பாடு."

"பாடறேன். சனிக்கிழமை வை. ஒரு மணிக்கு. ஆட்டம் ஆரம்பிக்கற அதே ஒரு மணிக்கு. எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்ப்போம்."

சொல்லிவிட்டு வில்லடீன் காபியைக் குடித்தாள். இதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

"சரி" என்றாள் ஒஸெல்லா. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

மார்லன் முதலில் அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தான். பிறகு, அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்தான்.

"அம்மா, ஹோம்கமிங். இருபதாயிரம் பேர் மைதானத்துல இருப்பாங்க. காலையில ஊர்வலம், மெயின் தெருவையே மூடிடுவாங்க. சவ வண்டி எந்த வழியாப் போகும்?"

"பின்னாடி ரயில் பாதை ஓரமாப் போகும். அப்பா முப்பது வருஷம் வேலைக்கு அந்த வழியாத்தான் போனார்."

"அப்பா வியாழக்கிழமைன்னு சொன்னார். ரேடியோவுல சொன்னார். அவருக்குன்னு இருந்த ஒரே ஆசை அது."

"அவருக்கு ஆயிரம் ஆசை இருந்துச்சு. அந்த கோச்சைத் தூக்கணும்னு ஆசைப்பட்டார், நடந்துதா?"

"யாரும் வரலேன்னா?"

ஒஸெல்லா அவனை உட்கார வைத்தாள். "உனக்கு அந்த வருஷம் ஞாபகம் இருக்கா, முட்டை அடிச்சாங்களே வீட்டு மேல?"

மார்லனுக்கு நினைவிருந்தது. ஆஷ்பி கடைசி நொடியில் ஜெயித்த ஆட்டம். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிய பையன் எல்லைக் கோட்டை மிதித்துவிட்டான் என்று லூஷியஸ் தன் இருக்கையிலிருந்து பார்த்தார். நடுவர் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை அவர் ஸ்கீட்டரைக் கூப்பிட்டு, அது நம்முடைய வெற்றி இல்லை, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அன்று சாயங்காலம் வீட்டின் முன்பக்கம் முழுக்க மஞ்சள் கரு வழிந்தது. அவர் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டு, அடுத்த திங்கட்கிழமையும் அதையே சொன்னார்.

"வேற யாராவது ஹோரஸ் மாமா அடக்கத்துல காதுல ரேடியோ வச்சுக்கிட்டுக் கத்தியிருந்தா உங்க அப்பாவே கோட்டை மிதிச்சிட்டான்னு சொல்லியிருப்பார்" என்றாள் ஒஸெல்லா. "மிதிச்சது அவர் கால்ங்கறதால கீழே பார்க்கல. நான் பார்த்தேன். சொல்லல."

மார்லன் அதற்குப் பிறகு வாதாடவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய், அடக்க நிறுவனத்துக்காரரிடம் ரயில் பாதை வழியைப் பற்றிப் பேசினான்.

சர்ச் போதகர் ரெவரண்ட் ஸ்டோவாலைச் சமாளிப்பதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தில் ஜெபம் செய்வது வருஷா வருஷம் அவர்தான்.

"சிஸ்டர் டாலிவர், ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நான் எப்படி இருப்பேன்?"

"அங்க சுருக்கமா ஜெபிச்சுட்டு வாங்க, ரெவரண்ட். பையனுங்களுக்கு அடிபடாம இருக்கணும், அவ்வளவுதானே. நாங்க ஒரு பாட்டு முன்னாடியே ஆரம்பிச்சிடறோம்."

புதன்கிழமை காலை ஸ்கீட்டர் வானொலியில் அறிவித்தான். லூஷியஸ் டாலிவரின் அடக்க ஆராதனை, மவுண்ட் நெபோ சர்ச், சனிக்கிழமை ஒரு மணி. அதைப் படித்ததும் தாள் புரளும் சத்தம் கேட்டது. "குடுத்த தாளை ரெண்டு தடவை பார்த்துட்டேன், ஜனங்களே. ஒரு மணின்னுதான் இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகு ஒஸெல்லா வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. ஒஸெல்லா, தேதி சரிதானா? சரிதான். ஒஸெல்லா, என் பேத்தி பாண்டுல ட்ரம்பெட் வாசிக்கிறா, அவளோட கடைசி வருஷம். போய்ப் பாரு, அவ நல்லா வாசிக்கட்டும். யாரையும் அவள் கெஞ்சவில்லை, யார்மீதும் கோபப்படவும் இல்லை. காரணமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அதாவது அடக்கத்துக்கு முதலில் குறித்திருந்த அதே நேரத்தில், வில்லடீன் வாசலில் வந்து நின்றாள். கையில் மூடி போட்ட பாத்திரம்.

"உள்ள வா."

"வரல. நான் கோபத்துல சொன்னேன், ஒஸெல்லா. நீ சரின்னு சொல்லுவேன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கு வை. நான் பாடறேன். ரெவரண்ட்கிட்ட பேசிட்டேன்."

"ஆராதனை அட்டை அச்சாகி வந்தாச்சு."

"அட்டையைத் தூக்கிக் குப்பையில போடு. யாரும் வர மாட்டாங்க. காலி பெஞ்சுக்கு முன்னாடி அந்த மனுஷனைப் படுக்க வச்சு, அதைப் பார்க்கவா நான் கேட்டேன்?"

"ஆமா. அதைத்தான் கேட்ட."

வில்லடீன் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"கேட்டது தப்பில்ல" என்றாள் ஒஸெல்லா. "எழுந்திருச்சுக் கத்த ஆள் இல்லாத எடத்துல நீ ஒரு தடவை பாடணும். பாடிட்டு, நல்லா இருந்துச்சா இல்லையான்னு நீயே தெரிஞ்சுக்கோ. லூஷியஸுக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்ல. அவருக்கு என் மேல கோபம் வந்தா, அது எனக்கும் அவருக்கும் உள்ளது."

"நீ பிடிவாதக்காரி."

"அம்பத்தோரு வருஷம் ஓரத்து சீட்டுல உக்காந்தவ."

வில்லடீன் பாத்திரத்தை அவளிடம் நீட்டினாள். உள்ளே மக்கரோனியும் சீஸும் இன்னும் சூடாக இருந்தன. "நாப்பது பேருக்குச் சமைக்கறேன்" என்றாள். "அதுவே மிஞ்சும்."

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. சர்ச் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். மைதானம் ஒரு மைல் தூரம்கூட இல்லை. சவ வண்டி ரயில் பாதை ஓரமாக வந்தபோது, எதிர்ப்பக்கம் ஆஷ்பியின் ஊதா நிறச் சட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். வண்டி தாண்டியதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேலே நடந்தார்கள்.

உள்ளே மொத்தம் பத்தொன்பது பேர். ஒஸெல்லா எண்ணவில்லை, ஆனால் டீச்சர் கண்ணுக்கு வகுப்பில் எத்தனை பேர் என்பது எண்ணாமலே தெரியும். கொதிகலன் அறையில் கூட வேலை பார்த்த இரண்டு கிழவர்கள். மூட்டு வலியால் மைதானப் படி ஏற முடியாத பெண்கள் சிலர். கூடைப்பந்து டீமின் பெண்கள் ஐந்து பேர், உயரம் உயரமாக, டீம் மேலங்கியோடு பின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மார்லன் அப்பாவின் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பின்னால் திரும்பவே இல்லை.

ரெவரண்ட் ஒன்று இருபதுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கழுத்தில் இன்னும் ஊதா டை.

அவர் பேசினார். கொதிகலன் அறைக் கிழவர் ஒருவர் பேசினார். லூஷியஸ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார், அதுவும் கடுகுக் கீரையைப் பற்றி, என்றார். பத்தொன்பது பேர் சிரித்தால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு வந்தது. ஜன்னல் வழியே தூரத்திலிருந்து மைதானத்தின் இரைச்சல் எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஒஸெல்லாவுக்கு அது புரியும். சின்னதாக எழுந்து சட்டென்று அடங்கினால் பந்து கை நழுவிவிட்டது. இழுத்து இழுத்து ஏறினால் யாரோ ஓடிக்கொண்டிருக்கிறான். நோஞ்சான் டீம் அப்படியொன்றும் நோஞ்சான் இல்லை என்று அவள் தெரிந்துகொண்டாள்.

வில்லடீன் எழுந்தாள்.

எழுபத்து மூன்று வயது. பெட்டியின் மேல் கையை வைக்கவில்லை. அதிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். ஆர்கன்காரரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அதே பாட்டு. முதல் சரணத்தில் அவள் குரல் கதவைத் தள்ளித் திறப்பதுபோலக் கரகரப்போடு வந்தது. யாரும் எழவில்லை, கை தட்டவில்லை. பின் பெஞ்சுப் பெண்கள் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள்.

இரண்டாவது சரணத்தின் நடுவில் மைதானம் வெடித்தது. டச்டவுன். சந்தேகமே இல்லை. இருபதாயிரம் தொண்டைகளும் அதன் மேல் பாண்டின் முரசுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஜன்னல் வழியே உள்ளே வந்து சர்ச் முழுக்க நிரம்பின. ஒஸெல்லா யாரையும் பார்க்காமல் வில்லடீனை மட்டும் பார்த்தாள்.

வில்லடீன் நிறுத்தவில்லை. சத்தத்தோடு போட்டி போடவும் இல்லை. அப்போது வாயில் இருந்த அந்த ஒரே எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். அது நீண்டது, மூச்சு தீர்ந்துவிடும் என்று தோன்றிய இடத்தையும் தாண்டி நீண்டது. வெளியே இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கி, முரசுகளும் ஓய்ந்து, கடைசியில் சர்ச்சுக்குள் அவள் குரல் மட்டும் மிஞ்சியபோதுதான் அந்த எழுத்தை விட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த சொல்லைப் பாடினாள்.

பாட்டு முடிந்தபோது ரெவரண்ட் எழுந்திருக்க மறந்துவிட்டார். வில்லடீன் தன் இடத்துக்குப் போகாமல் ஒஸெல்லாவின் பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"இருந்துச்சு" என்றாள் ஒஸெல்லா.

மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மணி நாலு. சர்ச்சின் பின்கூடத்தில் மேஜைகளில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. வில்லடீன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். பொரித்த கோழி, கடுகுக் கீரை, சோளரொட்டி. நாற்பது பேருக்குச் சமைத்ததில் பாதி அப்படியே இருந்தது. கூடைப்பந்துப் பெண்கள் வெட்கப்படாமல் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்கள்.

"இன்னும் போட்டுக்கோங்கம்மா" என்றாள் வில்லடீன். "யாருக்கு வச்சிருக்கேன்?"

அவள் கேக்கை எடுத்து வைத்து, வெண்ணெயும் முட்டையும் மணக்க, கனமான துண்டுகளாக வெட்டி ஆளுக்கொரு தட்டில் வைத்தாள்.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று மைதானத்தின் சத்தத்திலிருந்து ஒஸெல்லாவுக்குத் தெரிந்தது. இப்போது பாண்டுகளின் நேரம். ஆட்டத்துக்கு நாலு கால் என்றால், பெல்மோக்காரர்களுக்கு ஐந்தாவது காலும் உண்டு. ஆட்டம் முடிந்தபின் இரண்டு கல்லூரிகளின் பாண்டுகளும் எதிரெதிரே நின்று மாறி மாறி வாசித்து மோதும். அரை மணி, சில சமயம் ஒரு மணி. அது முடியுமுன் யாரும் எழ மாட்டார்கள். எழுந்து போனவர்களை லூஷியஸ் திங்கட்கிழமை வரிசை எண்ணோடு சொல்லிவிடுவார்.

எதிரணியின் பாண்டு ஒரு பாட்டை முடித்தது. ஆஷ்பியின் பாண்டு பதிலுக்கு எடுத்தது. ட்ரம்பெட்டுகள் காற்றில் தெளிவாகக் கேட்டன.

அந்தச் சத்தத்தின் ஊடே, வெளியே ஒரு கார்க் கதவு சாத்திக்கொண்டது.

பின்னாலேயே இன்னொன்று. மார்லன் தட்டோடு ஜன்னலுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டான். கூடத்தின் கதவில் டயர்க்கடைக்காரர் நின்றார். ஊதாச் சட்டை, கன்னத்தில் பூசிய ஊதாச் சாயம் வியர்வையில் கரைந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. உட்காருகிற மெத்தையை இன்னும் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"உள்ள வரலாமா, சிஸ்டர் டாலிவர்? நாங்க இருக்கற கோலம் இப்படி."

"வாங்க."

அவருக்குப் பின்னால் பதினைந்தாவது வரிசைத் தம்பதி, மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் ஒஸெல்லா பேர் மறந்துபோன, முகம் மட்டும் நாற்பது வருஷமாகத் தெரிந்த ஆட்கள். ஒவ்வொருவரும் தொப்பியைக் கழற்றி அவள் கையைப் பிடித்தார்கள். பாண்டு தூரத்தில் வாசித்துக்கொண்டேதான் இருந்தது.

"பதினேழு, பதினாலு, நம்ம பக்கம்" என்றார் டயர்க்கடைக்காரர் மார்லனிடம் தணிந்த குரலில். "நாலாவது முயற்சி, ஒரு கஜம். உதைக்காம ஓடச் சொன்னான் கோச்."

மார்லன் தலையை ஆட்டினான்.

ஒஸெல்லா சமையற்கட்டின் திறப்பு வழியே உள்ளே பார்த்தாள். வில்லடீன் கையில் கரண்டியோடு, வாகன நிறுத்தம் பக்கமிருந்த ஜன்னலருகே நின்றிருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு கரண்டியை வைத்துவிட்டு மேஜைக்கு வந்து, பரிமாறாமல் இருந்த தட்டுகளையெல்லாம் தன் பக்கம் இழுத்து, வெட்டி வைத்திருந்த கேக் துண்டுகளை ஒவ்வொன்றாக இரண்டாக வெட்டத் தொடங்கினாள். கடைசித் துண்டை வெட்டியதும் தலையை நீட்டிக் கூடத்து வாசலைப் பார்த்தாள். வரிசை படிக்கட்டுக்குக் கீழே போயிருந்தது.

கத்தியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, முதல் தட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்து, அந்தப் பாதிகளையும் பாதியாக்கினாள்.